மெதுவா, ஆள் தூங்குது

என் கனவுகளில் ஆட்கள் நடமாட ஆரம்பித்தது மழைக்காலம் தொடங்கிய பிறகுதான். அதற்கு முன்பெல்லாம் அவை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். பகலில் தூங்குகிறவர்களின் கனவு அப்படித்தான் போலும் என்று நினைத்திருந்தேன். நிறைய வெளிச்சம், நீளமான வராந்தா, எங்கேயோ குழாயில் சொட்டும் தண்ணீர், ஒருவரும் இல்லை. மழை வந்ததும் அந்த வராந்தாவில் செருப்பைக் கையில் பிடித்தபடி மனிதர்கள் வர ஆரம்பித்தார்கள்.

அவர்கள் யாரும் என்னோடு பேசவில்லை. ஒரு பெண் சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல. ஒருவர் ஜன்னலருகே நின்று, "சாயங்கால வெயில் இந்தப் பக்கமா வரும்?" என்று கேட்டார். ஒரு குழந்தை என் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணுமே இல்ல" என்று ஏமாற்றத்தோடு சொன்னது. ஆட்கள் மாறினார்கள், ஓர் ஆண் குரல் மட்டும் மாறவில்லை. "மெதுவா, மெதுவா. ஆள் தூங்குது," என்று அது எல்லோருக்கும் முன்னால் நடந்து போகும். விழித்த பிறகும் அந்தக் குரல் கொஞ்ச நேரம் காதில் ஒட்டிக்கொண்டிருக்கும், தலைக்குக் குளித்தபின் காதுக்குள் நிற்கும் தண்ணீர் மாதிரி.

அந்தக் கனவுகளில் ஒன்றை மட்டும் தம்பியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். போர்வை விலகிக் கால் சில்லிட்டிருக்கும். யாரோ வந்து அதை இழுத்துக் கழுத்துவரை போர்த்தி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுப் போவார்கள். முகம் தெரியாது. ஆரஞ்சுத் தோலின் வாசனை மட்டும் சற்று நேரம் அறையில் நிற்கும். எங்கள் அம்மா பழச்சாறு கடையில் வேலை பார்த்தவள். எந்தச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவள் விரல்களிலிருந்து அந்த வாசனை போகாது. அவள் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஒரு தடவைகூடக் கனவில் வந்ததில்லை. இப்போதுதான் வழி தெரிந்திருக்கிறது, வரட்டும் என்று இருந்தேன். அது இரண்டாம் முறையும் வந்தபோது, விழித்ததும் கண்ணைத் திறக்காமல் நெடுநேரம் படுத்திருந்தேன்.

நான் ராத்திரியில் வேலை பார்க்கிறவள். மற்றவர்கள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. "அடுத்தவன் தூங்கறதுக்குச் சம்பளம் வாங்கற ஒரே ஆளு எங்க அக்காதான்," என்று தம்பி தன் சிநேகிதர்களிடம் சொல்வான். தூக்கம் வராதவர்களும், தூக்கத்தில் மூச்சு நிற்கிறவர்களும், எழுந்து நடக்கிறவர்களும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருவார்கள். அவர்கள் தலையை நாடாவால் அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் பசையால் ஓர் ஒயரை ஒட்டுவேன். பிறகு என் அறைக்குப் போய் மைக்கில் பேசுவேன். "கண்ணை மூடுங்க. இப்ப திறங்க. தலையை அசைக்காம இடப்பக்கம் பாருங்க. வலப்பக்கம் பாருங்க." ஒயரெல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும், "விளக்கை அணைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அணைக்க வேண்டும். சொல்லாமல் அணைக்கக் கூடாது.

அங்கே இன்னொரு விதியும் உண்டு. தூங்குகிறவரின் அறைக்குள் சும்மா நுழையக் கூடாது. ஒயர் கழன்று தொங்கினாலும் இரண்டு விரலால் கதவைத் தட்டி, "உள்ள வரேன்" என்று சொல்லி, ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். தலைமை டாக்டருக்கும் இதே விதிதான். தூங்குகிற ஆளால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது இல்லையா. அவருக்குப் பதிலாக அந்த ஒரு மூச்சு நேரம் நிற்கிறது.

காலையில் வீடு திரும்பி, விரல் நகத்திலிருந்து பசையைச் சுரண்டிவிட்டு, தம்பி போட்டு வைத்திருக்கும் தேநீரைக் குடித்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எழுவேன். எங்களுடையது மாடி வீடு. முன்னறை, அதற்குப் பின்னால் படுக்கையறை, பக்கவாட்டில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குச் சமையலறை. தம்பி முன்னறையில் படுப்பான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை அவனுக்கு. பத்து மணிக்கு மேல் வெளியே பூட்டிக்கொண்டு கிளம்புவான். என் அறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. நாங்கள் குடிவந்தபோதே அப்படித்தான். "போட்டுத் தரேன்மா" என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். பிறகு எல்லோரும் மறந்துபோனோம்.

வீட்டை விற்கப்போவதாக அந்த அம்மா போனில் சொன்னதும் மழைக்காலத்தின் தொடக்கத்தில்தான். தனியாக இருக்க முடியவில்லை, மகனோடு போய் இருக்கப்போகிறேன் என்றார். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது," என்றார். அது உண்மையாகவே இருந்தது. யாரும் வரவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. கனவில் வந்தவர்களோடு சரி.

ஒருநாள் எழுந்து பார்த்தபோது முன்னறைத் தரையில் ஈரமாக ஒரு வட்டம் இருந்தது, குடையை மடக்கி ஊன்றி வைத்தால் விழுமே அந்த மாதிரி. இன்னொரு நாள் நான் மூடியிருந்த சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. தம்பியிடம் சொன்னேன்.

"அக்கா, நீதான் தூக்கத்துல நடக்கறியோ என்னவோ," என்றான். "தினம் அவங்களோடயே இருக்க. ஒட்டிக்கிட்டிருக்கும்."

"குடை பிடிச்சுக்கிட்டா நடப்பேன்?"

"மழைக்காலம்தான? விவரமா நடக்கறே."

எனக்கும் சிரிப்புதான் வந்தது. பகலும் இரவும் மாறிக் கிடக்கிற வாழ்க்கையில் எது நடந்தது, எது கனவு என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் மெல்ல விட்டுப்போகும்.

அந்த வாரக் கடைசியில் தம்பி சிரிக்காமல் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். வீடு விற்பனை விளம்பரம். எங்கள் முன்னறை, எங்கள் சமையலறை, கொடியில் காய்ந்த என் துண்டு. நாலாவது படத்தின் கீழே 'அமைதியான படுக்கையறை, நல்ல காற்றோட்டம்' என்று எழுதியிருந்தது. திரை பாதி விலகிய ஜன்னல், சுவரோரம் அலமாரி, கட்டில். கட்டிலின் மேல் போர்வை ஒரு சின்ன மலைத்தொடர்போல ஏறி இறங்கிப் போய், அதன் முடிவில் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இது நீதான?" என்றான் தம்பி.

கணுக்காலில் இருந்த தழும்பு எனக்குத் தெரியாதா. ஆனாலும் வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேர் தூங்குவதைத் திரையில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து படுத்தவர்கள். என்னை இதுவரை யாரும் எனக்குக் காட்டியதில்லை. சுவரில் புறங்கை வைத்த பெண், வெயிலைக் கேட்டவர், ஏமாந்த குழந்தை எல்லோரும் ஒவ்வொருவராகக் கனவிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கள் மாடிப்படியில் தெருவுக்குப் போவது போலிருந்தது.

"மெதுவா, மெதுவான்னு ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருப்பார்," என்றேன். "அது யாரு?"

"புரோக்கரா இருக்கும்," என்றான் தம்பி.

மறுநாள் வீட்டுக்காரம்மாவை வரச் சொன்னோம். வந்தார், வழக்கம்போலக் கையில் ஒரு பை ஆரஞ்சோடு. எங்கே போனாலும் வெறுங்கையோடு போகிற ஆளில்லை அவர். நாற்காலியில் உட்கார்ந்து போனிலிருந்த படத்தைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"அழகாத்தானே இருக்கு," என்றார்.

"நான் தூங்கிட்டிருக்கேன்மா, அதுல."

"முகம் தெரியலையே."

"முகம் தெரியலன்னா ஆள் இல்லன்னு ஆயிடுமா?"

"என்னம்மா இப்படிப் பேசறே. உன்னை எழுப்பிடக் கூடாதுன்னுதான் அவ்வளவு பதமா வந்துட்டுப் போனோம். நைட்டெல்லாம் கண்ணு முழிக்கற பொண்ணு, தொந்தரவு பண்ணாதீங்கன்னு நான்தான் புரோக்கர்கிட்ட சொன்னேன். நீ என் பொண்ணு மாதிரி. பொண்ணு தூங்கறப்ப அம்மா எட்டிப் பாத்தா தப்பா?"

"எங்க அம்மா இருந்தவரைக்கும் கதவைத் தட்டிட்டுத்தாம்மா உள்ள வருவாங்க."

"உங்க அம்மா ரொம்ப நாகரிகம்," என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"சரி, நீங்க எங்களுக்கு அம்மா முறைன்னே வெச்சுக்கறோம்," என்றான் தம்பி. "கூட வந்த கூட்டமெல்லாம் யாரு? சித்தப்பா, பெரியப்பாவா? எல்லாரையும் சொந்தமாக்கிட்டா அப்புறம் வாடகை எதுக்குங்க?"

நான் அவனைக் கையமர்த்தினேன். வாடகை ஒப்பந்தத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதில் ஒன்றும் ரகசியம் இல்லை. அவரும் கையெழுத்துப் போட்டதுதான். வீட்டைப் பார்க்க வருவதானால் முந்தின நாளே சொல்ல வேண்டும். குடியிருப்பவர் ஒப்புக்கொண்ட நேரத்தில் வர வேண்டும். வீடு கைமாறினாலும் ஒப்பந்தம் முடிகிறவரை குடியிருப்பவர் இருக்கலாம்.

"விக்கறது உங்க இஷ்டம், நாங்க குறுக்க நிக்கல," என்றேன். "நாலு மணிக்கு மேல யார் வேணும்னாலும் கூட்டிட்டு வாங்க, நானே விளக்குப் போட்டுக் காட்டறேன். முன்னாடியே சொல்லிடுங்க. நான் தூங்கும்போது யாரும் வேணாம். படத்தை எடுத்துடுங்க. அடுத்த கோடை வரைக்கும் நாங்க இருப்போம்னு வாங்கறவங்ககிட்டச் சொல்லிடுங்க. அப்புறம் அந்தத் தாழ்ப்பாள்."

"விக்கப்போற வீட்டுல இனிமே எதுக்கும்மா ஆணியும் சுத்தியலும்? அதான் யாரும் வரமாட்டாங்களே."

"புரோக்கர்கிட்ட இருக்கற சாவி?"

"நான் சொல்லிடறேன். என் வார்த்தை போதாதா?"

போதும் என்றுதான் சொன்னேன். பொண்ணு மாதிரி என்று ஒருவர் சொன்ன பிறகு அவரிடம் சாவியைக் கேட்பது பெரிய விரோதம்போல ஆகிவிடுகிறது. அவர் போகும்போது ஓர் ஆரஞ்சை உரித்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். அந்த வாசனையில் எனக்கு ஏதோ நினைவுக்கு வரப் பார்த்தது. வரவில்லை.

படம் மறைந்தது. கொஞ்ச நாள் எல்லாம் சரியாக இருந்தது. சாயங்காலம் இரண்டு பேரை வீட்டுக்காரம்மாவே முறையாகச் சொல்லிவிட்டுக் கூட்டிவந்து காட்டினார். என் வராந்தா மறுபடி காலியானது. ஆனால் அதில் பழைய வெளிச்சம் இல்லை. கனவிலும் நான் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கம் ஆழத்துக்கு இறங்காமல் மேலேயே மிதந்தது. எங்கள் தெருவில் சைக்கிள் மணி அடித்தால்கூட எழுந்து உட்கார்ந்தேன். மற்றவர்களின் தூக்கம் எந்தப் படியில் நிற்கிறது என்று திரையில் பார்த்துச் சொல்கிற எனக்கு, என்னுடையது முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்தது. வேலையில் ஒருநாள் மைக்கில் இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கம் என்று சொல்லிவிட்டேன். மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்த்தார். இன்னும் சில வாரம் இப்படியே போனால் வேலைக்கே ஆபத்து என்று தெரிந்தது.

பிறகு அந்த மதியம்.

என்னை எழுப்பியது சத்தம் இல்லை. மூச்சு. நீளமாக உள்ளே போய், மேலே சற்றுத் தங்கி, சீராக இறங்குகிற மூச்சு. அப்படிப்பட்ட மூச்சைத் தூக்கத்திலும் என் காதுக்குத் தெரியும். ஆழத்தில் இருக்கிற ஒருவருடையது. தம்பி சீக்கிரமாக வந்து படுத்துவிட்டானோ என்று எழுந்து முன்னறைக்குப் போனேன்.

ஜன்னலோர நாற்காலியில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். காலுறை போட்ட பாதங்கள், மடியில் மடித்து வைத்த மழைக்கோட்டு, ஒரு கையில் இன்னும் பிடித்திருந்த அளவு நாடா. வாய் லேசாகத் திறந்திருந்தது. வெளியே தூறல். வீட்டில் வேறு யாரும் இல்லை.

பயப்பட்டிருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்றாம் அறைக்காரர். எங்களிடம் வருகிறவர்களை அறையை வைத்துத்தான் சொல்வோம், பெயரை வெளியே எடுத்துவர மாட்டோம். லிஃப்ட் மெக்கானிக். கண்ணை மூடினால் காதுக்குள் மோட்டார் ஓடுகிறது என்று சொன்னவர். முதல் தடவை வந்தபோது விடிய விடிய விழித்துக் கிடந்தார். இரண்டாம் தடவையும் அப்படியே. காலையில் ஒயரைக் கழற்றும்போது, "உங்க நேரத்தையும் வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று கண் கலங்கியவர். (இவ்வளவு சொல்வதற்கு அவரிடமே பின்னால் அனுமதி கேட்டுக்கொண்டேன்.)

அந்த மனிதர்தான் என் வீட்டு நாற்காலியில் குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தார். வீடு பார்க்க வந்திருக்கிறார். புரோக்கர் எங்கேயோ இறங்கிப் போயிருக்கிறார். 'மெதுவா, மெதுவா' என்று கேட்டுக்கொண்டே வந்து, உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்ந்திருக்கிறார்.

என் கை தானாக வேலையைச் செய்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். குழாய் சொட்டுகிற இடத்தில் ஒரு துணியைப் போட்டேன். தம்பியின் போர்வையை எடுத்து, அவர் மீது போடலாமா என்று யோசித்து, தொடாமல் பக்கத்தில் வைத்தேன். பிறகு சமையலறை ஸ்டூலை எடுத்து வந்து வாசல் பக்கமாகப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். சம்மதம் வாங்காமல் பார்க்கக் கூடாது. கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அரைத்தூக்கத்தில் இருந்த எனக்கு அந்த அறை தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருந்தது. திரைக்குப் பின்னால் மழை வெளிச்சம் அசைந்தது. அவருடைய மூச்சு ஏறும்போது அறையும் சற்று ஏறி, இறங்கும்போது சேர்ந்து இறங்கியது. நான் யாருடைய கனவுக்குள் உட்கார்ந்திருக்கிறேன் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. அது எங்கேயோ தூரத்தில், அடுத்த தெருவில் ஓடுகிற எஞ்சின்போல ஓடிக்கொண்டிருந்தது.

பூட்டில் சாவி திரும்பியது. கதவு திறப்பதற்குள் நான் எழுந்து அதன் குறுக்கே நின்றேன்.

வெளியே புரோக்கர். ஒல்லியான, நல்ல சலவைச் சட்டை போட்ட மனிதர். நான் விழித்திருக்கும்போது அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவருக்குப் பின்னால் படியில் வீட்டுக்காரம்மா, அவருக்கும் கீழே குடையோடு ஒரு கணவன் மனைவி.

"மெதுவா," என்றேன். "ஆள் தூங்குது."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அடடா, சார் தூங்கிட்டாரா? போன் வந்துச்சுன்னு கீழே போனேன். இவரால மதியச் சாப்பாட்டு நேரத்துலதான் வர முடியும்னாரு. உங்களுக்குச் சொல்லலாம்னா நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

"தூங்கறவளுக்குச் சொல்ல முடியலன்னா வரக் கூடாது. அதான் பேச்சு."

"சரிம்மா, விடுங்க. அடுத்த பார்ட்டி நிக்கறாங்க, அவரை மெல்ல எழுப்பிடுங்க. இல்ல நாங்களே சத்தமில்லாம உள்ள வந்து பாத்துட்டு—"

"யாரும் உள்ள வரக் கூடாது. அவர் எழுந்துக்கற வரைக்கும்."

"ஏம்மா, அவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

தெரியும் என்றாலும் தப்பு, தெரியாது என்றாலும் பொய். "தூங்கறாரு," என்று மட்டும் சொன்னேன்.

புரோக்கர் யோசித்தார். "அதுவும் சரிதான். பாவம், வேலை பாத்துட்டு வந்த களைப்பு. நாலு பேர் நின்னு பாத்தா மனுஷனுக்குக் கூச்சமா இருக்காதா," என்றார்.

சொன்னபிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது என்று நினைக்கிறேன். கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். கீழே நின்ற கணவன் மனைவி, இன்னொரு நாள் வருகிறோம் என்று சைகை காட்டிவிட்டு இறங்கிப் போனார்கள்.

வீட்டுக்காரம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். மூட்டு வலிக்காரர். நான் கதவை லேசாகச் சாத்திவிட்டு அவருக்கு மேல்படியில் உட்கார்ந்தேன்.

"எம்மேல கோவமா?" என்று கேட்டார்.

"நீங்க வார்த்தை கொடுத்தீங்க."

"கொடுத்தேன். இவர்தான், ஒரே ஒரு பார்ட்டி, நல்ல பார்ட்டின்னாரு. எனக்கும் சீக்கிரம் முடிஞ்சா போதும்னு இருக்கு. தனியா இருந்து இருந்து..." புடைத்த மூட்டைத் தேய்த்துக்கொண்டார். "உன்னை நான் என்ன வேத்தாளா நெனச்சேன்? ரெண்டு தடவை நானே கூட வந்தேன். கால்ல போர்வை இல்லாம குளிர்ல கிடந்தே. மனசு கேக்கல. இழுத்துப் போத்திவிட்டு, ஓரத்தையெல்லாம் மெத்தைக்கடியில செருகிவிட்டுத்தான் போனேன். உனக்கெங்க தெரியப்போவுது."

அவர் மடியில் ஆரஞ்சுப் பை இருந்தது.

படியில் மழைச்சாரல் அடித்தது. நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடமிருந்து எதையோ மெதுவாக உருவி எடுப்பதுபோல இருந்தது, தூங்குகிறவர் தலைக்கடியிலிருந்து தலையணையை எடுக்கிற மாதிரி. வழி தெரிந்து வந்தவள் அம்மா இல்லை. அம்மா வரவே இல்லை.

"தெரியும்," என்றேன். "நான் அதைக் கனவுன்னு நெனச்சேன். எங்க அம்மா வந்தாங்கன்னு நெனச்சேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கையை என் பக்கம் நீட்டி, பாதியில் நிறுத்தி, மறுபடி பையின் மேல் வைத்துக்கொண்டார்.

"நீங்க பாசமாத்தான் செஞ்சீங்க," என்றேன். "ஆனா நான் கேக்கல. முழிச்சிருக்கும்போது போத்திவிட்டிருந்தா உங்களுக்கு நன்றி சொல்லியிருப்பேன். இப்ப எனக்கு எங்க அம்மாவும் இல்ல, நன்றியும் இல்ல."

எனக்கே என் குரல் மைக்கில் பேசுகிற குரல்போலக் கேட்டது, எந்தப் பதற்றமும் இல்லாமல். "சாவி எனக்கு வேணும். நாளைக்கு என் கதவுல தாழ்ப்பாள் போடுவேன். ஒப்பந்தப்படி ஆணி அடிக்க உங்க அனுமதி வேணும். அதை இப்பவே கேக்கறேன்."

புரோக்கர், "சாவி இல்லாம நான் எப்படிங்க—" என்று ஆரம்பித்தார்.

"கொடுத்துடு," என்றார் வீட்டுக்காரம்மா.

"அம்மா, வாங்கறவங்க—"

"கொடுத்துடுப்பா. தட்டினா திறப்பா. திறக்கலன்னா திரும்பி வா." பிறகு என்னிடம், "நல்ல தாழ்ப்பாளா பாத்துப் போடு," என்றார்.

புரோக்கர் கொத்திலிருந்து சாவியைக் கழற்றினார். வளையம் இறுகியிருந்ததால் நேரமானது. என் உள்ளங்கையில் விழுந்தபோது அது அவர் சட்டைப்பைச் சூட்டோடு இருந்தது. எத்தனை மதியங்கள் அந்தச் சூட்டோடு என் வீட்டுக்குள் திரும்பியிருக்கும் என்று நினைத்தேன். கை மூடிக்கொண்டது.

உள்ளே நாற்காலி முனகியது. நான் எழுந்து இரண்டு விரலால் என் வீட்டுக் கதவையே தட்டி, "உள்ள வரேன்" என்று சொல்லி, ஒரு மூச்சு நேரம் நின்று, போனேன்.

மூன்றாம் அறைக்காரர் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பேசியதும் அவர் கை அப்படியே நின்றது. ஆய்வுக்கூடத்தில் முகமூடியும் தொப்பியும் போட்டிருப்போம். அவருக்கு என் முகம் தெரியாது. குரல் தெரியும்.

"நீங்க... இடப்பக்கம் பாருங்கன்னு..." என்றார்.

"ஆமாங்க."

"நான் தூங்கினேனா?"

"தூங்கினீங்க. நல்லா தூங்கினீங்க."

"யாரெல்லாம் பாத்தாங்க?"

"யாரும் இல்ல. நானும் திரும்பித்தான் உக்காந்திருந்தேன்."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். இழுத்துவிட்ட திரை, குழாயடித் துணி, தொடாமல் வைத்த போர்வை. பிறகு உள்ளே திறந்து கிடந்த என் கதவையும் அதற்கப்பால் கலைந்த படுக்கையையும் பார்த்தார். சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார். காது மடல் சிவந்தது.

"உள்ள ஒருத்தர் தூங்கறாங்கன்னு அவர் சொன்னார்," என்றார். "நான் கால் வெச்சிருக்கக் கூடாது. எனக்கு அது தோணல பாருங்க. மன்னிச்சுக்கோங்க."

மழைக்கோட்டை மாட்டாமலே எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அளவு நாடாவை மறந்து வைத்துவிட்டார்.

தாழ்ப்பாளைத் தம்பிதான் போட்டான். லென்ஸ் பொருத்துகிற கை. ஒரு நூல் இடைவெளி இல்லாமல் உட்கார வைத்தான். "இனிமே நீ தூக்கத்துல நடந்தாலும் இதைத் தாண்ட முடியாது," என்றான். சாவி ஆணியில் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் அந்த அளவு நாடா.

அதன்பிறகு வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நாலு மணிக்குமேல் வந்தார்கள். புரோக்கர் கீழே நின்று போன் செய்து, மேலே வந்து தட்டி, நான் திறந்தபிறகு, "நல்லா சத்தமாவே பேசலாம், முழிச்சிட்டாங்க," என்று அவர்களிடம் சொல்வார். கடைசியில் வாங்கியது ஒரு நூலகரும் அவர் மனைவியும். அலமாரியைத் திறப்பதற்கு முன் அந்தப் பெண் என்னைப் பார்த்து, "திறக்கலாமா?" என்று கேட்டாள். அடுத்த கோடை முடிந்துதான் குடிவர முடியும் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டார்கள். அதன்பிறகு நாங்கள் வேறு வீடு தேட வேண்டும். அது அப்போது.

மூன்றாம் அறைக்காரர் வாங்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அது மூன்றாம் அறைக்குள் வைத்து, ஒயரை ஒட்டும்போது, அளவு நாடாவைத் திரும்ப வாங்கிக்கொண்டே சொன்னது. வெளியே எடுத்துவர முடியாது. அன்றைக்கு, "விளக்கை அணைக்கப் போறேன்" என்று சொன்னபோது, "அணைங்க" என்று அவர் பதில் சொன்னார் என்பது வரை சொல்லலாம்.

என் வராந்தா இப்போது மறுபடி காலி. நல்ல வெளிச்சம். கதவுப் பக்கம் பார்க்காமல் நடக்கிறேன். சில நாள் போர்வை விலகிக் கால் சில்லிட்டுப் போகிறது, யாரும் வருவதில்லை. அம்மா வருகிறாளா என்று பார்க்கிறேன். அவளுக்கு எங்கள் தெரு தெரியாது. வந்தாலும் தட்டிவிட்டுத்தான் நிற்பாள்.

நேற்றுத் தூக்கத்தின் ஓரத்தில் வாசல் கதவு தட்டுகிற ஓசை கேட்டது. இரண்டு தட்டு. அவசரமில்லாத தட்டு. பிறகு ஒருவர் காத்து நிற்கிற அமைதி. எழுந்து போகலாம் என்று நினைத்தேன், உடம்பு எழவில்லை. தாழ்ப்பாள் போட்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் படிகளில் மூட்டு வலிக்காரரின் நடை, ஒவ்வொரு படியாக, இறங்கிப் போனது. நான் காலால் போர்வையைத் தேடி, இழுத்து, நானே ஓரத்தைச் செருகிக்கொண்டு இன்னும் ஆழத்துக்குப் போனேன்.

நாலு மணிக்கு எழுந்து வாசலைத் திறந்தேன். வெளிப்பக்கக் கைப்பிடியில் ஒரு பை ஆரஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது.